ரிக் வண்டியில் போன ஐந்தாம் பாகம்

செங்கோடன் இரண்டு கைகளும் பின்னால் கட்டப்பட்ட நிலையில் கப்பலின் மேல்தட்டிலிருந்து கடலுக்குள் குதித்தான். அதோடு இரண்டாம் பாகம் முற்றிற்று. அப்புறம் எனக்குப் பத்து மாதம் சோறு சரியாக இறங்கவில்லை.

செங்கோடன் யாரென்று சொல்லிவிடுகிறேன். ‘அலைவாய்க் கோட்டை’ என்ற ஐந்து பாகக் கதையின் நாயகன். கப்பலோட்டி. மூன்று ஆள் உயரத்திலிருந்து குதித்தாலும் காலில் சுளுக்குப் பிடிக்காத பிறவி. எங்கள் ஊர் நாமக்கல்லுக்கு வடக்கே மேட்டுக்காடு. கடலை காட்டில் விளைவதைப் பார்த்திருக்கிறேனே தவிர, கடலை நான் கண்ணால் பார்த்ததில்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தாலே எங்களுக்குத் திருவிழா. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு பத்து வயதுப் பெண்பிள்ளை நடுக்கடலில் தவிப்பவனுக்காகத் தூக்கம் கெட்டுக் கிடந்தாள் என்றால் அது கதை எழுதியவரின் கெட்டிக்காரத்தனம்தான்.

முதல் இரண்டு பாகங்களும் எங்களுக்கு வந்ததே ஒரு தற்செயல். பக்கத்தில் குடியிருந்த டீச்சருக்கு ஆத்தூருக்கு மாற்றலாகி, சாமான் கட்டும்போது அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அக்காவுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அவள் முதலில் படித்தாள். நான் அவள் தோளுக்கு மேலே தலையை நீட்டிப் படித்தேன். பக்கம் புரட்டுவதற்குள் சண்டை வரும். அம்மா இருவர் தலையிலும் ஒரு குட்டு வைப்பாள்.

அந்தக் கதை அச்சுப் புத்தகமாக வரவே இல்லை. எப்போதோ ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்து, அடுக்கி, கோணி ஊசியால் தைத்தோ, பைண்டு செய்யக் கொடுத்தோ வைத்திருந்தவர்கள் வீட்டில் மட்டும்தான் அது உண்டு. ஆகவே மூன்றாம் பாகம் வேண்டுமென்றால் கடைக்குப் போய்ப் பிரயோசனமில்லை, அந்த மாதிரிப் புத்திசாலிகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிக்க நான் படாத பாடில்லை. நாமக்கல் நூலகத்தில் அந்தப் பழைய பத்திரிகைகளை அப்பா விசாரித்தபோது, ‘அதெல்லாம் எடுத்துட்டுப் போனவங்க திருப்பியே தரலீங்க’ என்றார்களாம். அப்பா முடிவெட்டிக்கொள்ளும் சலூனில் பழைய பத்திரிகைகள் ஒரு கட்டு கிடப்பது தெரியும். ஆனால் சலூனுக்குள் பெண்பிள்ளை போகலாமா? என் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மாங்காய் கொடுத்து அனுப்பினேன். அந்த மடையன் மாங்காயையும் தின்று, மொட்டையும் அடித்துக்கொண்டு, சினிமாப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தான். பழைய பேப்பர்காரர் சைக்கிள் மணி கேட்டால் போதும், சோற்றுக் கையோடு ஓடுவேன். ஒருநாள் அவர் மூட்டையில் ‘அலைவாய்க் கோட்டை’ ஒரு தாள் அகப்பட்டது. எடுத்துப் பார்த்தால் இரண்டாம் பாகம், எனக்கு மனப்பாடமான பக்கம். பாவி மனுஷன் என்று அவரைத் திட்டினேன். அவருக்கு எதற்குத் திட்டு விழுகிறது என்றே தெரியவில்லை.

இப்படி இருக்கையில்தான் அக்காவுக்கு வரன் வந்தது.

பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், காவிரி வாய்க்கால் பாயும் ஊர். வெற்றிலைக் கொடிக்கால், வாழை, கரும்பு. மாப்பிள்ளை சேலத்தில் விடுதியில் தங்கிக் காலேஜ் படித்தவர், இப்போது நாலு பேரோடு கூட்டுச் சேர்ந்து ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஓட்டுகிறார் என்றார்கள். அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பெண்ணைப் பார்த்தார்கள். அக்கா குனிந்த தலை நிமிராமல் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகு எங்கள் பக்கத்து முறைப்படி நாங்கள் அவர்கள் வீடு பார்க்கப் போனோம். அக்கா போகக் கூடாது. நான் போகலாம். பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு பெரியவர்களோடு போனேன்.

பெரியவர்கள் கொடிக்காலைப் பார்த்தார்கள், கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், மாட்டைத் தட்டிப் பார்த்தார்கள். நான் முன்கூடமான ஆசாரத்தில் இருந்த கண்ணாடி அலமாரியைப் பார்த்தேன். சிவப்புக் காலிகோத் துணி ஒட்டிய ஐந்து தடிப் புத்தகங்கள். முதுகில் ஒட்டிய வெள்ளைத் தாளில் பேனாவால் ‘அலைவாய்க் கோட்டை’ என்று எழுதி, கீழே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தி நின்றதில் அங்கே ஒரு வட்டமாக ஈரம் படிந்தது. மாப்பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டு, “என்ன சாமி, மூஞ்சி பாக்கறயா?” என்று சிரித்தார்.

வீடு திரும்பியதும் அக்கா என்னைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

“ஏம்புள்ள, எப்படி இருந்தாங்க?”

“அஞ்சு பாகமும் இருக்குதுக்கா! சிவப்பு அட்டை!”

“அதில்ல கண்ணு. அவியளக் கேட்டேன். ஆளு எப்படி?”

நான் யோசித்துப் பார்த்தேன். மாப்பிள்ளை முகம் ஞாபகம் வரவில்லை. அலமாரிக்குப் பக்கத்தில் யாரோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள், அது அவராக இருக்கலாம். “உசரமாத்தான் இருந்தாங்க” என்று ஒரு மட்டாகச் சொல்லிவைத்தேன். தூணைச் சொன்னேனா ஆளைச் சொன்னேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அக்கா வாழ்க்கையைப் பற்றி விசாரிக்க அவளுக்கு இருந்த ஒரே ஒற்றர் நான். நான் கொண்டுவந்த தகவல் அவ்வளவுதான்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அக்கா வண்டி ஏறும்போது அம்மா அழுதாள், அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். எல்லாரும் அழுகிறார்களே என்று நானும் கொஞ்சம் அழுதேன். ஆனால் உள்ளுக்குள், முழுப்பரீட்சை லீவுக்கு இன்னும் எத்தனை வாரம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வகையறாவில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில், ஒரு பேரனோ பேத்தியோ பிறக்கும்வரை பெற்றவர்கள் கை நனைக்க மாட்டார்கள். போனாலும் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலோடு திரும்ப வேண்டும், அதற்குப் போகாமலே இருந்துவிடுவார்கள். அதேபோல் கட்டிக்கொடுத்த பெண்ணும் நினைத்தபோது பிறந்த வீட்டுக்குக் கிளம்பி வர முடியாது. தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினால், ‘என்னமோ சண்டையாட்ட இருக்குது’ என்று பஸ் போய் மறைவதற்குள் ஊர் முழுக்கப் பேசிவிடும். தலை ஆடிக்கும் தலை தீபாவளிக்கும் ஆள் போய் முறையாக அழைத்து வருவார்கள். மற்றபடி ஏதாவது பண்டிகை, நோம்பி நொடி என்றால்தான். இந்தச் சட்டதிட்டம் எதுவும் செல்லாத ஒரே பிரஜை நான். சின்னப்பிள்ளை எந்த வீட்டிலும் சாப்பிடலாம், எத்தனை நாளும் இருக்கலாம்.

முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே அப்பா என்னை நாமக்கல்லில் பரமத்தி வேலூர் பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் ஒப்படைத்தார். மடியில் அம்மா கொடுத்த முறுக்குத் தூக்கு. அந்தப் பக்கம் அக்கா பஸ் நிறுத்தத்திலேயே நின்றிருந்தாள், பக்கத்து வீட்டம்மாள் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு. நான் இறங்கியதும் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். எலும்பு நொறுங்குகிற மாதிரி. நான் அந்தப் பிடியிலிருந்தே கேட்டேன்: “மூணாம் பாகம் எடுத்து வெச்சிருக்கயாக்கா?”

அலமாரியில் மூன்று புத்தகங்கள்தாம் இருந்தன. நான்கும் ஐந்தும் இருந்த இடம் காலியாக இருந்தது. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அக்கா சமாதானப்படுத்தினாள்.

“உங்க மாமாவோட கூட்டாளிங்க படிக்கறதுக்கு ரிக்கு வண்டில எடுத்துட்டுப் போயிட்டாங்க கண்ணு. வண்டி இப்ப ராய்ப்பூர்ல ஓடுது. மொத இதப் படி. காலாண்டு லீவுக்கு நீ வாரதுக்குள்ள நாலாம் பாகம் வந்துரும்.”

மாமாவைக் கேட்டுவிடலாம் என்றால் மாமாவும் ராய்ப்பூரில்தான் இருந்தார். ரிக் தொழிலே அப்படித்தான். வண்டி கிளம்பினால் ஏழெட்டு மாதம் ஊர் திரும்பாது. மழைக்காலத்தில் நிறுத்திப் போட்டால்தான் உண்டு. மாமா தங்கமான மனிதர், இன்றைக்கும் என்னைச் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார். ஆனால் கல்யாணமாகி மூன்றாம் மாதமே லாரி ஏறிப் போய்விட்டார். அந்தப் பெரிய வீட்டில் அக்காவும், அவள் மாமியாரும், மாமனாரும், நான்கு எருமைகளும்.

செங்கோடன் கடலில் சாகவில்லை. மீனவர்கள் காப்பாற்றிவிட்டார்கள். மூன்றாம் பாகத்தை நான் நான்கு நாளில் முடித்தேன். “மெதுவாப் படியேன் புள்ள, என்ன அவசரம்?” என்று அக்கா அடிக்கடி சொன்னாள். வேலைக்கு நடுவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஊரில் செம்மறி ஈன்றதா, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். செங்கோடன் தப்பிக்கிற நேரத்தில் முட்டிவலியைக் கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? “ம்” என்றும் “ஊகும்” என்றும் பதில் சொன்னேன்.

நான் திரும்பும் நாளில் அக்கா தன் மாமியாரிடம் போய் நின்றாள். “சின்னப்புள்ளையத் தனியா பஸ் ஏத்தி உட முடியுங்களா அத்தை? நானே கொண்டுபோய் உட்டுட்டு நாளைக்கே வந்தர்றேனுங்க.” அத்தை சரியென்றார். அந்த ‘நாளை’ மூன்று நாளாயிற்று. அக்கா எங்கள் வீட்டில் வெயில் ஏறும்வரை தூங்கினாள். அம்மா அவள் தலையில் எண்ணெய் வைத்துப் பேன் பார்த்தாள். இரண்டு பேரும் கடலைக்காய் உரித்துக்கொண்டு சாயந்தரம் வரை பேசினார்கள், நான் கிட்டே போனால் பேச்சை நிறுத்தினார்கள். வரும்போது கண்டக்டரோடு தனியாக வரத் தெரிந்த எனக்குத் திரும்பும்போது மட்டும் துணை எதற்கு என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

காலாண்டு லீவுக்குப் போனேன். சொன்னபடி நான்காம் பாகம் அலமாரியில் உட்கார்ந்திருந்தது. மழைக்கு ரிக் வண்டி ஊருக்கு வந்து திரும்பியபோது கொண்டுவந்தார்களாம். அதில் செங்கோடனின் கப்பல் சூறாவளியில் மாட்டிக்கொண்டது. முதுகில் குத்துப்பட்டவன் பாய்மரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறான். நான்காம் பாகம் முற்றிற்று. இப்படி ஒரு இடத்தில் முடிப்பவர்களை எல்லாம் பிடித்துக் கடலில் போட வேண்டும்.

“அஞ்சாம் பாகம்?”

“அது இன்னும் ராய்ப்பூர்லயே இருக்குது கண்ணு. அரைப்பரீட்சை லீவுக்கு வா. கண்டிப்பா வந்துரும்.”

இந்த முறையும் அக்காதான் என்னைக் கொண்டுவந்து விட்டாள். இந்த முறையும் மூன்று நாள்.

பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சரிடம் ராய்ப்பூரைப் படத்தில் காட்டச் சொன்னேன். விரலை வைத்து அளந்தால் எங்கள் ஊரிலிருந்து ஒன்றரைச் சாண். அங்கே எங்கோ பாறையைத் துளைக்கிற வண்டியில், இரும்புக் குழாய்களுக்கும் மண்ணெண்ணெய் டப்பாவுக்கும் நடுவில், என் ஐந்தாம் பாகம் குலுங்கிக்கொண்டு கிடக்கிறது. யாராவது அதில் டீ கிளாஸ் வைத்துவிடுவார்களோ, பீடி பற்றவைக்கக் கடைசித் தாளைக் கிழித்துவிடுவார்களோ என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. சாமி கும்பிடும்போது மாமா நல்லபடியாக வர வேண்டும் என்று அம்மா சொல்லச் சொல்லுவாள். நான் மாமாவோடு புத்தகத்தையும் சேர்த்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால் புத்தகத்தைத்தான் முதலில் சொல்வேன்.

அரைப்பரீட்சை லீவுக்குப் போனேன், வரவில்லை. வண்டி ராய்ப்பூரை விட்டு இன்னும் வடக்கே போய்விட்டதாம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை. அவள் கச்சாயம் சுட்டுக் கொடுத்தாள், வாய்க்காலுக்குக் கூட்டிப்போனாள், கொடிக்காலுக்குள் கூட்டிப்போய் நிழலில் உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டாள். கொடிக்காலுக்குள் வெயிலே தெரியாது, பச்சை வெளிச்சமாக இருக்கும். அங்கே உட்கார்ந்து, “நீயே ஒரு முடிவு சொல்லேன் கண்ணு, செங்கோடன் என்ன ஆவான்னு” என்றாள். நான் சொன்னேன். அவளும் ஒரு முடிவு சொன்னாள். நான் சொன்ன முடிவில் சண்டை இருந்தது. அவள் சொன்ன முடிவில் சண்டையே இல்லை, அவன் ஊருக்குப் போய்க் குளித்துவிட்டுச் சாப்பிட்டான். இதெல்லாம் ஒரு முடிவா என்று நான் கைகொட்டிச் சிரித்தேன்.

அடுத்த முழுப்பரீட்சை லீவு வந்தது. அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. யார் வந்தாலும் அத்தையிடம் முதலில் அதைத்தான் கேட்டார்கள். புருஷன் ஊரில் இல்லாமல் விசேஷம் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை. அத்தையைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வந்த ஒறம்பரைச் சனம் போன பிறகு அவரும் எருமைத் தொட்டிப் பக்கம் போய்விடுவார். அக்கா உள்ளே போய்விடுவாள். நான் அலமாரியில் ஐந்தாம் பாகத்தின் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் போய் நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பாவாடை கொக்கி அறுந்துவிட்டது. அக்கா துணி துவைக்க வாய்க்காலுக்குப் போயிருந்தாள். பின்னூசி தேடினேன். எங்கும் இல்லை. அக்காவின் டிரங்குப் பெட்டி பூட்டாமல் இருந்தது. அதைத் திறந்தேன். மேலே கூறைப்புடவை. அதற்குக் கீழே அம்மாவின் பழைய நீலச் சேலை ஒன்று, எங்கள் வீட்டில் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருந்த சேலை, நன்றாக மடித்து வைத்திருந்தது. அதைத் தூக்கினேன். அடியில் மஞ்சள் துண்டில் சுற்றிய ஒரு கனமான பொருள்.

சிவப்புக் காலிகோ. முதுகில் வெள்ளைத் தாள். ‘ஐந்து’.

ராய்ப்பூராம், வடக்கேயாம். ஒரு டீ கறை இல்லை, ஒரு துளி மண்ணெண்ணெய் வாசம் இல்லை. அந்தப் புத்தகம் வேலூர் எல்லையைக்கூடத் தாண்டியதில்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. தனக்கு மட்டும் வேண்டும் என்று ஒளித்து வைத்துக்கொண்டாள்! மாமியார் வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குக் கருமித்தனம் வந்துவிட்டது! இப்படித்தான் நான் நினைத்தேன். சேலையைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. புத்தகத்தை எடுத்து என் பையில் பாவாடைகளுக்கு அடியில் திணித்தேன். மஞ்சள் துண்டில் ஒரு மணைக்கட்டையைச் சுற்றிப் பழைய இடத்தில் வைத்துப் பெட்டியை மூடினேன். அந்த மணைக்கட்டை யோசனைக்காக என்னை நானே பல நாள் மெச்சிக்கொண்டேன்.

அப்புறம் எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. அங்கேயே உட்கார்ந்து படிக்க முடியாது, பிடிபட்டுவிடுவேன். மறுநாள் காலையில், அக்காவின் பெரிய மாமனார் ஒருவர் அன்றைக்கே வெற்றிலைக் கூடைகளை வேனில் ஏற்றிக்கொண்டு நாமக்கல் போவதாகப் பேச்சு வந்தது. நானும் அதில் போகிறேன் என்றேன்.

“வெள்ளிக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன் கண்ணு. அத்தைகிட்டயும் கேட்டுட்டேன்” என்றாள் அக்கா.

“எனக்கு இன்னைக்கே போகோணும்.”

“ரெண்டு நாள்தானே சாமி? சேர்ந்து போலாம். அம்மாளுக்கு வெத்தல, வாழப்பழமெல்லாம் வேற எடுத்து வெச்சிருக்கறேன்.”

எடுத்துத்தான் வைத்திருந்தாள். சுவரில் ஆணியில் அவளுடைய துணிப்பையும் தொங்கியது. உள்ளே புடவை மடித்து வைத்திருந்ததை நான் பார்த்தேன். முடியாது என்றேன். காலைத் தரையில் உதைத்தேன். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று பொய்யாக அழவும் செய்தேன். அத்தை வெளியே வந்தார்.

“அம்மாளப் பாக்கோணும்னு அழுவுற புள்ளையப் புடிச்சு வெக்கலாமா? பெரியவிய பத்தரமாக் கொண்டுபோய் எறக்கி உட்டுருவாங்க. நீ எதுக்குச் சாமி வெயில்ல அலையற?” அத்தை சொன்னதில் தப்பே இல்லை. என்னைக் கொண்டுபோய் விடத்தானே அக்கா வருகிறாள்? கொண்டுபோக வேறு ஆள் இருக்கும்போது அவள் எதற்கு?

நான் வேனில் முன்னால் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி உறுமியது. அவள் குனிந்து, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். “அஞ்சாம் பாகம் அடுத்த வாரம் வந்துரும்னு மாமா எழுதியிருக்காங்க கண்ணு. இருந்து படிச்சுட்டுப் போயேன்.”

ஐந்தாம் பாகம் என் மடியில் இருந்தது. நான் அவள் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தேன். பொய் சொல்கிறவளைக் கையும் களவுமாகப் பிடித்த சிரிப்பு. அவளும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கம்பியை விட்டாள். அந்த இடத்தில் எந்தக் கல்நெஞ்சுக்காரியும் இறங்கியிருப்பாள். நான் இறங்கவில்லை.

வீடு வந்ததும் வெற்றிலையையும் பழத்தையும் வாங்கிக்கொண்டு அம்மா வாசலையே பார்த்தாள். “அக்கா வரலியா?” என்றாள். நான் பையோடு வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடி, அன்றைக்கே பாதி, மறுநாள் மீதி என்று முடித்துவிட்டேன். பாய்மரத்திலிருந்து அவன் எப்படி இறங்கினான், யார் துரோகி, கோட்டை யாருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பத்து மாதத் தேடலும் ஒன்றேகால் வருஷக் காத்திருப்பும் இரண்டு நாளில் தீர்ந்துபோனதில் கொஞ்சம் வெறுமையாக இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

காலாண்டு லீவு வந்தது. அம்மா முறுக்குச் சுட்டுத் தூக்கில் போட்டு, “போயிட்டு வா சாமி. அக்கா வழியப் பாத்துட்டே இருப்பா” என்றாள். நான் போகவில்லை. என்னத்துக்குப் போவது? அங்கே எனக்கு ஒன்றும் இல்லை. எதிர்வீட்டில் ஒரு புதுக் கதை அகப்பட்டிருந்தது. அம்மா இரண்டு மூன்று முறை கேட்டாள். ஒருமுறை கெஞ்சுகிற மாதிரியே கேட்டாள். பெற்றவள் தானே போய்ப் பார்க்க முடியாமல் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் கெஞ்சுகிறாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பஸ் என்றால் வாந்தி வருகிறது என்று சொல்லிவிட்டேன். தூக்கிலிருந்த முறுக்கை நானே தின்று தீர்த்தேன்.

அதற்கடுத்த வருஷம் மாமா ரிக் தொழிலை விட்டுவிட்டுக் கொடிக்காலைப் பார்க்க வந்துவிட்டார். அக்காவுக்குப் பையன் பிறந்தான். அம்மா சீர்த்தட்டோடு போய், அந்த வீட்டில் முதன்முறையாக உட்கார்ந்து வாய்நிறையச் சாப்பிட்டாள். அக்கா இப்போது பேரன் எடுத்துவிட்டாள், நன்றாகவே இருக்கிறாள். ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அதற்கு முன்னால், நான் போகாமல் விட்ட அந்த வருஷத்தின் அரைப்பரீட்சைக்குக் கொஞ்சம் முந்தி, ஒரு கடிதம் வந்தது.

நீல இன்லண்டு தாள். மேலே என் பெயர். என் பெயருக்கு வந்த முதல் கடிதம் அதுதான். அக்கா குண்டு குண்டாக எழுதியிருந்தாள். அம்மா அப்பா சுகமா, நீ நன்றாகப் படிக்கிறாயா என்றெல்லாம் நாலு வரி. அப்புறம், ‘நீ கேட்ட ஐந்தாம் பாகம் ரிக் வண்டியிலிருந்து வந்துவிட்டது. பத்திரமாக வைத்திருக்கிறேன். பரீட்சை முடிந்ததும் அவசியம் கிளம்பி வா. நானே கொண்டுவந்து விடுகிறேன்.’

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆறேழு மாதமாகவா அக்கா தன் பெட்டியைத் திறக்காமல் இருந்திருப்பாள், துண்டுக்குள் மணைக்கட்டை இருப்பதைப் பார்க்காமலா இந்தக் கடிதத்தை எழுதியிருப்பாள் என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் அக்கா ஒரு பெரிய புளுகிணி என்பதுதான். கடிதத்தைப் படித்துவிட்டு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனதைப் பார்த்தேன். புகை என்று நினைத்தேன்.

அன்றைக்கே ஒரு கார்டு எடுத்து, என் கையெழுத்திலேயே அழகான கையெழுத்தில், பதில் எழுதிப் போட்டேன்.

‘அன்புள்ள அக்காவுக்கு. ஐந்தாம் பாகம் எந்த வண்டியிலும் வரவில்லை. அது என் பெட்டியில்தான் இருக்கிறது. நான் படித்து முடித்தும் விட்டேன். செங்கோடன் கடைசியில் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறான். ஆகையால் அதற்காக நான் அங்கே வர வேண்டியதில்லை. நீயும் என்னைக் கொண்டுவந்து விட வேண்டியதில்லை.’

அக்காவிடமிருந்து பதில் வரவில்லை. பொய் பிடிபட்ட வெட்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் நாலைந்து பேரிடம் அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.